முப்பது ஷில்லிங் வெள்ளி

முப்பது என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று தெரிந்தால் அவருக்கு ஒரு மாலை வாங்கிப் போடலாம் என்றிருக்கிறேன்.

1969ஆம் ஆண்டு போப் ஆறாம் பவுல் உகாண்டாவுக்கு வந்தார். பதவியில் இருக்கும் போப் ஒருவர் ஆப்பிரிக்காவுக்கு வந்தது நவீன காலத்தில் அதுதான் முதல் தடவை. அந்த வருகையின் நினைவாக உகாண்டா அரசு காசு வெளியிட்டது. வெள்ளியில் 2, 5, 10, 20, 25, 30 ஷில்லிங். தங்கத்தில் 50, 100, 500, 1000 ஷில்லிங். இரண்டும் ஐந்தும் பத்தும் புரிகிறது. முப்பது எதற்கு? எந்தச் சந்தையில் எந்தக் கிழவி முப்பது ஷில்லிங் காசு இல்லாமல் சில்லறைக்குத் திண்டாடினாள்? கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் வருகிறார்; அவருக்கு மரியாதையாக வெள்ளியில் முப்பது! மறைக்கல்வி வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கும் பையன்கூட எழுந்து, “சாமி, இது இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கின தொகை” என்று சொல்லியிருப்பான். நாணயத்துக்கு அனுமதி கொடுத்த அதிகாரிகளுக்கும், அதைப் பெட்டியில் வைத்து விற்ற வியாபாரிகளுக்கும் அது உறைக்கவில்லை போலிருக்கிறது.

உறைத்தும் விட்டிருக்கலாம். நடந்ததையெல்லாம் வரிசையாகப் பார்த்தால், அந்த முப்பதைப் போட்டவர் மத்தேயு நற்செய்தியை நன்றாகப் படித்தவர், கொஞ்சம் குறும்புக்காரரும்கூட என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் விருந்தாளியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் அவர்மேல் எனக்கு அதிகக் கோபம் இல்லை. 1964 நவம்பரில் இந்த ஆறாம் பவுல்தான் போப்புகள் தலைமுறை தலைமுறையாகச் சூடி வந்த மும்முடியைக் கழற்றிப் புனித பேதுரு பேராலயத்தின் பீடத்தில் வைத்தார்; ஏழைகளுக்கென்று சொன்னார். அடுத்த மாதம் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்தவர், அங்கே பயன்படுத்திய வெள்ளைக் காரை, அமெரிக்கர்கள் கொடுத்த பெரிய லிங்கன் கார் அது, அன்னை தெரசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்னை அதைக் குலுக்கல் முறையில் விற்றுத் தொழுநோயாளிகளுக்குச் செலவிட்டார். 1967இல் அவர் விடுத்த சுற்றுமடல், பணக்கார நாடுகள் ஏழை நாடுகளோடு செய்யும் வியாபாரம் நியாயமானதா என்று நேருக்கு நேர் கேட்டது. அது மார்க்சியம் என்று அமெரிக்காவில் முகம் சுளித்தவர்கள்கூட உண்டு.

இப்படி ஒருவர். தலையிலிருந்து பொன்முடியை இறக்கி வைத்தவர். அவருடைய வருகையைக் கொண்டாட ஒரு ஏழை நாடு என்ன செய்தது? 138.24 கிராம் எடையில் தங்கக் காசு அடித்தது. நம்மூர்க் கணக்கில் பதினேழு பவுனுக்கு மேல். ஒற்றைக் காசு! கழற்றி வைத்த முடியை உருக்கித் திரும்பவும் தலையில் கவிழ்த்தது மாதிரி.

இனி விருந்து வைத்தவர். மில்டன் ஒபோட்டே. உகாண்டாவுக்கு விடுதலை வாங்கித் தந்த பிரதமர், பிறகு ஜனாதிபதி. தங்கம் அவருக்குப் புதிதல்ல.

1966 பிப்ரவரியில் டவுடி ஓச்செங் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்றார். கையில் ஒரு வங்கிக் கணக்கின் விவரம். கணக்கு இராணுவத் துணைத் தளபதி ஒருவருடையது. பெயர் இடி அமீன். காங்கோவின் உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவுகிறேன் என்று போன இடத்திலிருந்து தங்கமும் தந்தமும் எல்லை தாண்டி வந்தன, அந்தப் பணம்தான் இது, பிரதமருக்கும் இதில் பங்கு உண்டு என்பது குற்றச்சாட்டு. விசாரணை வேண்டும் என்ற தீர்மானம் ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேறியது. ஆளுங்கட்சிக்காரர்களே கையைத் தூக்கினார்கள். ஒபோட்டே அப்போது வடக்கே சுற்றுப்பயணத்தில் இருந்தார்.

திரும்பி வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? பிப்ரவரி 22ஆம் தேதி அமைச்சரவைக் கூட்டம் கூட்டினார். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே போலீஸ் உள்ளே வந்து ஐந்து அமைச்சர்களைப் பிடித்துக்கொண்டு போனது. அரசியல் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. அமீனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. விசாரணைக் குழுவும் அமைந்தது. விசாரணைக் குழுக்கள் வழக்கமாக எங்கே போய்ச் சேருமோ அங்கேயே அதுவும் போய்ச் சேர்ந்தது.

ஏப்ரலில் புதிய அரசியல் சட்டம் வந்தது. உறுப்பினர்கள் யாரும் அதைப் படித்திருக்கவில்லை. அவரவர் கடிதப் பெட்டியில் பிரதி இருக்கும், ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிற வழியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தப் பெட்டியை ஆங்கிலத்தில் புறாக்கூடு என்பார்கள்; அதனால் உகாண்டா வரலாற்றில் அதற்குப் பெயரே ‘புறாக்கூட்டு’ அரசியல் சட்டம். அடுப்பில் வைக்காத சோற்றுக்கு இலை போட்டு, சாப்பிட்டாயிற்று என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

மே 24ஆம் தேதி அதே அமீனின் படை மெங்கோ குன்றில் இருந்த, உகாண்டாவுக்குள் அடங்கிய புகாண்டா அரசின் மன்னர் மாளிகையைத் தாக்கியது. அங்கே அரசரைக் ‘கபாகா’ என்பார்கள். கபாகா இரண்டாம் முத்தேசா, நாட்டின் முதல் ஜனாதிபதி, மதில் ஏறிக் குதித்து, தெருவில் போன டாக்சியைக் கைகாட்டி நிறுத்தித் தப்பினார். புகாண்டா முழுக்க நெருக்கடி நிலை. அது நீக்கப்படாமலே ஆண்டுகள் ஓடின.

போப் வந்து தங்கியது எங்கே? கம்பாலாவில். புகாண்டாவின் நடு நெஞ்சில். 1969 ஜூலை 31. நெருக்கடி நிலை அப்படியே இருந்தது. ஐந்து அமைச்சர்களும் அப்படியே சிறையில் இருந்தார்கள். சாலையோரத்தில் கொடி அசைத்த மக்களின் அரசர் லண்டனில் ஒரு சிறு வீட்டில் கையில் காசில்லாமல் இருந்தார். நவம்பரில் அங்கேயே செத்தும் போனார். முப்பது வெள்ளிக்காசை யூதாஸ் விட்டெறிந்துவிட்டுப் போன பிறகு அதை வைத்துக் குருமார்கள் என்ன வாங்கினார்கள் என்று மத்தேயு சொல்கிறார்: அந்நியரைப் புதைக்க ஒரு நிலம். குறும்புக்காரர் என்று நான் சொன்னது சும்மா இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உகாண்டா அரசியலை அப்போது மதம்தான் இரண்டாகப் பிளந்திருந்தது. ஒபோட்டேயின் கட்சி பெரும்பாலும் ஆங்கிலிக்கன்கள். எதிரே இருந்த ஜனநாயகக் கட்சி பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். கட்சியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளான டி.பி.யை வைத்து அதை ‘டினி யா பாப்பா’ என்று கிண்டல் செய்வார்கள். போப்பின் மதம் என்று பொருள். அந்தக் கட்சியின் தலைவர் பெனடிக்டோ கிவானுக்கா. அந்த 1969இலேயே ஒபோட்டே அவரையும் உள்ளே தள்ளினார். டிசம்பரில் ஒபோட்டேயை யாரோ சுட்டார்கள், தாடையில் காயம். அதைச் சாக்காக வைத்து எதிர்க்கட்சிகளையே தடை செய்தார். ஆக, போப்புக்குக் காசு, போப்பின் கட்சி என்று கிண்டல் செய்யப்பட்டதற்குப் பூட்டு. ஐந்து மாதத்துக்குள் இரண்டும் நடந்து முடிந்தது. வந்தவர் காலைத் தொட்டு வணங்கிவிட்டு, அவருடைய பிள்ளைகளைக் கொட்டடியில் போட்டுப் பூட்டுவதற்கு நம் மொழியில் நல்ல வசவு ஒன்று இருக்கிறது. பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

போப் தம்மால் ஆனதைச் செய்தார். பன்னிரண்டு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். நைஜீரியப் போரின் இரண்டு தரப்பையும் கம்பாலாவிலேயே சந்தித்து பயாஃப்ராவில் சண்டையை நிறுத்தப் பார்த்தார், நடக்கவில்லை. ஆப்பிரிக்கர்களுக்கு ஆப்பிரிக்கத்தன்மை கொண்ட கிறிஸ்தவம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் உண்மையான மரியாதை இருந்தது. காசைப் பற்றி அவர் எதுவும் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை. சொல்லியிருக்கலாம். மும்முடியைக் கழற்றத் தெரிந்தவருக்குத் தன் முகத்தையும் தங்கத்திலிருந்து கழற்றச் சொல்லத் தெரிந்திருக்கும். அந்த ஒரு வருத்தம் எனக்கு அவர்மேல் உண்டு.

இதற்கிடையில் அதே 1969இல் ஒபோட்டே ஒரு சாசனம் வெளியிட்டார். பெயர் ‘சாமானியர் சாசனம்’. நாடு இடதுபக்கம் திரும்புகிறதாம். செல்வம் ஒரு சிலர் கையில் குவிவதை இனிமேல் பொறுக்கமாட்டோம் என்பது அதன் சாரம். ஒரு கையில் சாமானியர் சாசனம், மறு கையில் பதினேழு பவுன் காசு. சாமானியரே, இதோ உங்களுக்குச் சாசனம். சீமானே, இதோ உங்களுக்குக் காசு. பங்கீட்டில் குறை சொல்ல முடியாது.

அந்தக் காசில் அரசுச் சின்னம் பொறித்திருந்தார்கள். உகாண்டாவின் சின்னத்தில் கொண்டைக் கொக்கும் மானும் கேடயத்துக்கு இருபுறமும் நிற்கும். கீழே காபிச் செடியும் பருத்தியும். அதற்கும் கீழே நாட்டின் இலட்சிய வாக்கியம்: கடவுளுக்காகவும் என் நாட்டுக்காகவும். கடவுள் பெயர் இருக்கிறது, நாட்டின் பெயர் இருக்கிறது, காபி பறிப்பவனின் செடி இருக்கிறது. காபி பறிப்பவன்தான் இல்லை.

அவனுக்காக ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பொறுமையாகப் படியுங்கள், கோபத்தில் கணக்குத் தப்பக்கூடாது.

1000 ஷில்லிங் காசின் எடை 138.24 கிராம். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு சுத்தம். உள்ளே இருக்கும் பசும்பொன் 124.4 கிராம், அதாவது துல்லியமாக 4 ட்ராய் அவுன்ஸ். 1969இல் அமெரிக்க அரசு கட்டிக் காத்த விலை அவுன்ஸுக்கு 35 டாலர். நாலு அவுன்ஸுக்கு 140 டாலர். ஒரு டாலருக்கு அன்றைய அதிகாரபூர்வ மதிப்பு 7 1/7 ஷில்லிங் (சுமார் 7.14). பெருக்கிப் பாருங்கள்: 1000 ஷில்லிங். ஒரு சல்லி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

என்ன நேர்மை! காசின் முகத்தில் எழுதிய தொகைக்கு அணு பிசகாமல் உள்ளே தங்கம் வைத்திருக்கிறார்கள். தமிழில் நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் வாக்குத் தவறாமை. இரண்டு பொருளும் ஒரே வட்டத்துக்குள் பொருந்தி நின்ற அபூர்வமான பொருள் இது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவருக்கு உகாண்டா அரசு கொடுத்த வாக்கு பத்தரைமாற்று வாக்கு.

அதே ஆண்டு அதே உகாண்டா அரசு தன் சொந்தக் குடிமகனுக்கும் 1000 ஷில்லிங் கொடுத்தது. தங்கத்தில் கொடுக்கவில்லை. காபி மூட்டைகளை வாங்கிக்கொண்டு காகிதத்தில் கொடுத்தது. மசாக்கா பக்கம் ஒரு விவசாயி அதை வாங்கி, பிள்ளை படிப்புக்கு ஆகும் என்று வங்கியில் போட்டுவைத்தார் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்திலும் அதே அரசின் பெயர்தான். 1000 என்றால் அங்கேயும் 1000தான்.

இனி இரண்டு ஆயிரங்களும் எப்படி வளர்ந்தன என்று பார்க்கலாம்.

1971 ஜனவரி 25ஆம் தேதி, ஒபோட்டே சிங்கப்பூரில் காமன்வெல்த் மாநாட்டுக்குப் போயிருந்தபோது, தங்கக் குற்றச்சாட்டிலிருந்து தான் காப்பாற்றிய அதே அமீனிடம் நாட்டை இழந்தார். அமீன் வந்ததும் நல்ல பிள்ளையாகச் சிறைக் கதவுகளைத் திறந்தார். ஐந்து அமைச்சர்களும் வெளியே வந்தார்கள், கிவானுக்காவும் வந்தார். கபாகாவின் உடலை லண்டனிலிருந்து வரவழைத்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார். அரண்மனையைச் சுட்டவரே ஒப்பாரிக்கும் தலைமை தாங்கினார். கிவானுக்காவைத் தலைமை நீதிபதி ஆக்கினார். 1972 செப்டம்பரில் உயர்நீதிமன்றத்துக்குள்ளிருந்தே அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். உடல் திரும்பி வரவில்லை. 1977இல் ஆங்கிலிக்கன் பேராயர் ஜனானி லுவும் கொல்லப்பட்டார். கார் விபத்து என்றார்கள். எட்டு ஆண்டில் செத்தவர்கள் மூன்று லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள்.

ஷில்லிங்கும் அவர்களோடு சேர்ந்து செத்தது. 1972இல் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னார் அமீன். கடைகள் சிப்பாய்களுக்கு வந்தன. இருந்த சரக்கை விற்றார்கள், தீர்ந்ததும் பூட்டினார்கள். சர்க்கரை இல்லை, உப்பு இல்லை, சோப்பு இல்லை. நோட்டு மட்டும் தாராளம். அங்கே கள்ளச்சந்தைக்கு ‘மகெண்டோ’ என்று பெயர். அதுதான் நாட்டின் உண்மையான பொருளாதாரமாக ஆனது. காபி வாரியம் கொடுத்த காகிதத்தை வாங்க மனமில்லாமல் காபிக்கொட்டையை இரவோடு இரவாகக் கென்யாவுக்குக் கடத்தினார்கள். சின்னத்தில் இருந்த காபிச் செடிக்குக்கூட நாட்டைவிட்டு ஓடத் தோன்றியது.

1979இல் அமீன் ஓடினார். 1980 இறுதியில் ஒபோட்டே திரும்ப ஆட்சிக்கு வந்தார். வந்து 1981இல் ஷில்லிங்கை மிதக்கவிட்டார். ‘மிதக்கவிடுவது’ என்பது பொருளாதாரத்தில் மூழ்கடிப்பதற்குச் சொல்லும் மங்கல வழக்கு. தீபத்தை அணைத்துவிட்டுக் குளிரவைத்தேன் என்று சொல்வதில்லையா, அப்படி. எட்டு ஷில்லிங்குக்குக் கிடைத்த டாலர் எழுபதைத் தாண்டியது. விவசாயியின் ஆயிரத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஒரே வீச்சில் காலி. பதினேழு பவுன் காசை வெளியிட்ட அதே அரசியல்வாதியின் கையாலேயே.

1987இல் முசெவேனி ஆட்சி இரண்டு சைபரை வெட்டியது. பழைய 100 ஷில்லிங்குக்குப் புதிய 1. மாற்றிக் கொடுப்பதற்கு 30 சதவீதம் வரி வேறு. பிணத்துக்கு நெற்றிக்காசு வைப்பார்கள், இவர்கள் அதையும் எடுத்துக்கொண்டார்கள். வட்டியை மறந்துவிடுங்கள், விவசாயியின் ஆயிரம் 7 ஷில்லிங் ஆயிற்று. 2025இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3500 ஷில்லிங் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஏழு ஷில்லிங்கின் மதிப்பு ஒரு அமெரிக்க சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு. நம் காசில் இருபது பைசாவுக்கும் கீழே. நம்மூரில் இருபது பைசாவும் 2011லேயே செல்லாமல் போய்விட்டது என்பது தனிக்கதை.

தங்க ஆயிரம் என்ன ஆயிற்று? 2025இல் ஒரு அவுன்ஸ் தங்கம் 4000 டாலரைத் தாண்டியது. நாலு அவுன்ஸுக்கு 16,000 டாலர். பதிமூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். இது வெறும் தங்கத்தின் விலை. அபூர்வக் காசு என்று சேகரிப்பாளர் மேலே வைத்துக் கொடுப்பது தனி.

ஒரே அரசு, ஒரே வருடம், ஒரே தொகை. ஒன்று பதிமூன்று லட்சம், மற்றொன்று இருபது பைசாகூட இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நான் எதற்காகக் குரலை உயர்த்துகிறேன் என்று.

“அரசுக்கு அந்நியச் செலாவணி கிடைத்ததல்லவா, இதில் யாருக்கு நட்டம்?” என்று கேட்கும் கனவான்கள் எங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்தத் தொழில் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். உகாண்டாவில் நாணயச்சாலை கிடையாது. நினைவுக் காசு வியாபாரத்தில் வழக்கமாக ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒரு தனியார் நிறுவனம் ஏழை நாட்டு அரசின் கதவைத் தட்டும். உங்கள் நாட்டின் பெயரையும் சின்னத்தையும் எங்களுக்கு வாடகைக்குக் கொடுங்கள். வடிவம், உலோகம், விற்பனை எல்லாம் எங்கள் பொறுப்பு. காசுக்கு இவ்வளவு என்று உங்களுக்குத் தருகிறோம் என்பார்கள். எந்த அமைச்சருக்கும் இது கசக்காது. காசு அங்கேயே அடிக்கப்படும், அங்கேயே வெல்வெட் பெட்டியில் அடைக்கப்படும், அங்கேயே விற்கப்படும். பெயர் கொடுத்த நாட்டின் மண்ணை அது மிதித்திருக்காது. சட்டப்படி செல்லுபடியாகும் பணம் என்று எழுதியிருக்கும். அந்த எழுத்து இல்லாவிட்டால் அது வெறும் பதக்கம், விலை பாதியாகிவிடும். விற்பது தங்கத்தையும் வெள்ளியையும் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு நாட்டின் இறையாண்மையைத்தான் கிராம் கணக்கில் எடை போட்டு விற்கிறார்கள்.

இந்தச் சந்தையில் உகாண்டா தனியாக நிற்கவில்லை. ஈக்வடோரியல் கினி 1968இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை வாங்கியது. 1970இல் அதன் பெயரில் ஒரு வெள்ளிக் காசுத் தொகுப்பு வந்தது. அதில் போப் இருபத்து மூன்றாம் யோவான் இருக்கிறார், லெனின் இருக்கிறார், லிங்கன் இருக்கிறார், நம் காந்தியும் இருக்கிறார். ஓவியர் கோயாவின் ஆடையில்லாத மாஹாவும் இருக்கிறாள். அதாவது பக்தருக்கு ஒன்று, புரட்சிக்காரருக்கு ஒன்று, அகிம்சைக்காரருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. அப்போது அங்கே ஆண்டவர் மசியாஸ் நுகுவேமா. கஜானாவைச் சொந்த ஊர் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொண்டவர். அவர் காலத்தில் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செத்ததோ ஓடியதோதான். 1978இல் கத்தோலிக்கத் திருச்சபைக்கே தடை போட்டார். போப் முகத்தில் காசு பார்த்த நாட்டில் பூசை வைத்தால் சிறை. காந்தியின் முகத்தை அந்த ஆட்சியின் பெயரோடு ஒட்டி விற்றவர்களை எந்தக் காந்தியவாதியும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு வந்தவர்கள் வெட்கத்தையும் விட்டார்கள். 1991இல் மத்திய அரசே நொறுங்கிப்போன சோமாலியாவின் பெயரில் 2004இல் கிதார் வடிவக் காசுகள் வந்தன. குண்டு விழும் ஊரில் கிதார் வடிவில் காசு கேட்டது யார்? பெனின் பெயரில் கஞ்சா இலை படம் போட்டு, தேய்த்தால் கஞ்சா வாசம் வரும் காசு ஒன்று வந்தது. பெனின் மக்கள் கையில் புழங்குவது பல நாடுகளுக்குப் பொதுவான பிராங்க். தனக்கென்று ஒரு காசுகூட இல்லாத நாட்டுக்குக் கஞ்சாக் காசு மட்டும் தனியாக உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே, பசிபிக்கில் பலாவு தீவின் பெயரில் லூர்து மாதா காசு. உள்ளே ஒரு துளி லூர்து தீர்த்தம் வைத்து அடைத்திருக்கிறார்கள். கெபிக்கு நொண்டிக்கொண்டு போகிறவர்கள் இனிமேல் காசை நக்கினால் போதும்.

இவற்றைப் பார்த்துச் சிரிக்கலாம். உகாண்டாவின் முப்பதைப் பார்த்துத்தான் என்னால் முழுசாகச் சிரிக்க முடிவதில்லை. அதற்குக் காரணம் நமுகோங்கோ.

போப் கம்பாலாவுக்கு வந்ததற்கு அந்த இடமும் ஒரு காரணம். 1885இலிருந்து 1887 வரை கபாகா முவாங்கா தன் அரண்மனையில் இருந்த கிறிஸ்தவர்களைக் கொன்றார். கத்தோலிக்கர் 22 பேர், ஆங்கிலிக்கன்கள் 23 பேர். பலர் அரண்மனைப் பணியாள் பையன்கள். 1886 ஜூன் 3ஆம் தேதி நமுகோங்கோவில் கோரைப்பாயில் சுருட்டிக் கட்டி உயிரோடு எரித்தார்கள். கூட்டத்தில் கிசிட்டோ என்று ஒருவன். பதினான்கு வயது இருக்கும். 1964இல் கத்தோலிக்கர் 22 பேரையும் புனிதர்களாக அறிவித்தவர் இதே ஆறாம் பவுல். ஐந்து ஆண்டு கழித்து அவர்கள் வெந்த இடத்தைப் பார்க்க வந்தார்.

அந்தப் பையன்களிடம் ஒரு காசும் இல்லை. அவர்கள் கொடுத்த வாக்கை மட்டும் மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை. அந்தச் சாம்பல்மேல் நின்றுதான் ஒபோட்டே அரசு தன் சாமானியனுக்கு ஒரு விலையும் சேகரிப்பாளனுக்கு ஒரு விலையும் போட்டது. வாக்குக்காக எரிந்தவர்களின் நினைவு விழாவில், வாக்கை இரண்டு உலோகமாக, இல்லை, ஒரு உலோகமும் ஒரு காகிதமுமாகப் பிரித்துக் கொடுத்தது.

இன்றும் ஜூன் 3ஆம் தேதி நமுகோங்கோவுக்கு லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். நூற்றுக்கணக்கான மைல் நடந்தே வருகிறவர்கள் உண்டு. கென்யா, தான்சானியா, ருவாண்டா என்று எல்லை தாண்டியும் வருகிறார்கள். காணிக்கைத் தட்டில் அவர்கள் போடுவது கசங்கிய ஆயிரம் ஷில்லிங் நோட்டு. புதிய ஷில்லிங்தான்; ஒரு தங்கக் காசின் முகத்தைக்கூட அந்தத் தட்டு பார்க்காது.

அந்தப் பெரிய தங்கக் காசு எப்போதாவது ஏலத்துக்கு வருகிறது. கண்ணாடிப் பளபளப்போடு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடியிருப்பார்கள். எடுத்துப் பார்க்கிறவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்வார். கையால் தொடக்கூடாது. அதன்மேல் ஒரு விரல்ரேகை பதிந்திருந்தாலும் விலை குறைந்துவிடும்.